வழமைக்குப் புறம்பான மடிக்கணினிகளும் கட்டற்ற இயக்குதளமும்

(சேத்தியாத்தோப்பில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மடிக்கணினி என்றதும் பெரும்பாலோர் மனத்தில் எழுவது ஒரே வடிவம்தான்: இன்டெல் அல்லது ஏ.எம்.டி. நிறுவனத்தின் சில்லு, அதன்மேல் விண்டோஸ் இயக்குதளம், பெயர் தெரிந்த ஒரு நிறுவனத்தின் முத்திரை. இந்த வழமைக்குள் அடங்காத மடிக்கணினிகளும் ஏராளம். கைப்பேசிக்கென வடிவமைக்கப்பட்ட சில்லைக் கொண்டவை உண்டு. குழந்தைகளுக்கென்றே உருவாக்கப்பட்டவை உண்டு. தயாரித்தவர் பெயரே பதியப்படாமல் சந்தைக்கு வந்தவையும் உண்டு. இத்தகைய கணினிகளில் லினக்ஸ் போன்ற கட்டற்ற இயக்குதளம், அதாவது எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் மூலநிரல் திறந்து வைக்கப்பட்டிருக்கும் இயக்குதளம், எப்படி ஓடத் தொடங்குகிறது? அதை ஓட வைப்பவர் யார்? வெள்ளாற்றங்கரையில் இருக்கும் ஓர் ஊரிலிருந்து அப்பணியில் ஒருவர் பங்கேற்க முடியுமா? இவையே இன்றைய உரையின் பொருள்.

விருத்தாசலமும் நெய்வேலியும் அடங்கிய இவ்வட்டாரம் பீங்கான் தொழிலை அறிந்தது என்பதால் அத்தொழிலிலிருந்தே தொடங்குவது பொருந்தும். நெய்வேலி மண்ணைப் பிசைந்து அச்சில் அழுத்தி எடுக்கும் ஃபியூஸ் கேரியர் என்னும் மின் உருகி தாங்கி சூளையில் வெந்து வெளிவரும்போது சுருங்கியிருக்கும் என்பதும், எவ்வளவு சுருங்கும் என்பதைக் கணித்து அச்சையே சற்றுப் பெரிதாகச் செய்ய வேண்டும் என்பதும் இங்குள்ளோர் அறிந்தவை. ஆனால் அந்தச் சுருக்கம் மண்ணை மட்டும் பொறுத்ததன்று; சூளையையும் அதன் சூட்டையும் பொறுத்தது. ஒரு சூளைக்குச் சரியாக அமைந்த கணக்கு அடுத்த சூளைக்குப் பிசகும். அந்தந்தச் சூளையில் வேலை செய்தவரின் கைக்குறிப்பே அங்கே வழிகாட்டி. மடிக்கணினியும் அவ்வாறே. இயக்குதளத்தின் நிரல் எல்லாக் கணினிக்கும் பொது. ஒவ்வொரு கணினியின் சிறப்பும் பிசகும் அதைக் கையில் வைத்திருப்பவர் எழுதி வைக்கும் குறிப்பில்தான் இருக்கின்றன.

வழமையான கணினிகளில் இந்தச் சிக்கல் பெரிதாகத் தெரிவதில்லை. ஏன்? அங்கே உறுப்புகள் தாமே பெயர் சொல்லும். கணினி இயங்கத் தொடங்கியவுடன், இயக்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல், உறுப்புகளை இணைக்கும் பி.சி.ஐ. என்னும் பாதையில் ஒவ்வொரு வாசலாகச் சென்று, இங்கே இருப்பது யார் என்று கேட்கிறது. அங்கிருக்கும் உறுப்பு, தன்னைத் தயாரித்தவரின் எண்ணையும் தன் வகை எண்ணையும் திருப்பிச் சொல்கிறது. இன்டெல் நிறுவனத்தின் உறுப்புகள் 8086 என்று சொல்லும். அந்நிறுவனத்தின் புகழ்பெற்ற பழைய சில்லின் பெயரே அந்த எண். எண் தெரிந்ததும் அதற்குரிய இயக்கியை, அதாவது அவ்வுறுப்பை ஆட்டுவிக்கத் தெரிந்த நிரலை, கெர்னல் தேடி எடுத்துக்கொள்கிறது.

கைப்பேசிச் சில்லைக் கொண்ட கணினிகளில் இந்த உரையாடல் நடப்பதில்லை. அங்கே பெரும்பாலான உறுப்புகள் ஒரே சில்லுக்குள் அடங்கி, குறிப்பிட்ட நினைவக முகவரிகளில் ஊமையாக அமர்ந்திருக்கின்றன. வீராணம் ஏரியின் நீர் எந்த மதகின் வழியே எந்த வாய்க்காலுக்குப் போகிறது என்பதை மதகு சொல்லாது. மதகுக் காவலரிடம் இருக்கும் வரைபடமே சொல்லும். வரைபடம் இல்லாமல் மதகைத் திறந்தால் எந்த வயல் நனையும் என்று எவருக்கும் தெரியாது. கணினியில் அந்த வரைபடத்திற்கு டிவைஸ் ட்ரீ என்று பெயர். தமிழில் சாதன மரம் எனலாம். எந்த முகவரியில் எந்த உறுப்பு, அதற்கு எந்த மின்னழுத்தம், எந்தக் கடிகாரம், எந்தக் கம்பி என்பதைக் கிளை கிளையாக எழுதிவைக்கும் எளிய உரைக்கோப்பு அது. அதை எழுத ஒருவர் வேண்டும். யார் அந்த ஒருவர்?

அவையோரே, இக்கேள்விக்கு விடையளித்த ஒரு கணினியின் வரலாற்றை இங்கே சற்று விரிவாகக் காண வேண்டும்.

2005ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நிக்கோலஸ் நெக்ரோபோன்டே, குழந்தைக்கொரு மடிக்கணினி என்னும் திட்டத்தை அறிவித்தார். 2007இன் இறுதியில் உற்பத்தியான அக்கணினிக்கு எக்ஸ்.ஓ. என்று பெயர். 433 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள ஏ.எம்.டி. ஜியோட் சில்லு, 256 மெகாபைட் நினைவகம், வன்தட்டுக்குப் பதிலாக 1 கிகாபைட் ஃபிளாஷ் சேமிப்பு, தூசியும் நீரும் எளிதில் புகாத ரப்பர் விசைப்பலகை, நடுப்பகல் வெயிலிலும் எழுத்துத் தெரியும் 7.5 அங்குலத் திரை ஆகியவை அதன் உறுப்புகள். மகாராட்டிரத்தின் ராய்கட் மாவட்டத்தில் உள்ள கைராத் என்னும் சிற்றூர்ப் பள்ளியில் 2007இல் அது சோதிக்கப்பட்டது. இந்தியக் கல்வி அமைச்சகம் அதற்கு முந்தைய ஆண்டே அத்திட்டத்தை ஏற்க மறுத்திருந்ததால் இந்நாட்டில் அது பெருமளவில் பரவவில்லை.

அத்திட்டம் கல்வியில் எவ்வளவு வென்றது என்பது வேறு விவாதம். இயக்குதளத் துறைக்கு அது விட்டுச்சென்ற பாடமோ மிகப் பெரியது. அக்கணினியின் திரையோடு ஒரு தனிச் சில்லு இணைக்கப்பட்டிருந்தது. குழந்தை ஒரு பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும் வேளையில் மையச் சில்லு முழுமையாக உறங்கிவிட, இந்தத் தனிச் சில்லு மட்டும் விழித்திருந்து திரையில் எழுத்தைத் தாங்கி நிற்கும். விசை தட்டப்பட்டதும் மையச் சில்லு விழித்தெழும். மின்சாரம் எட்டாத ஊர்களை எண்ணிச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. திரை அணைந்தால்தான் உறக்கம் என்று பழகியிருந்த இயக்குதளத்திற்குத் திரை ஒளிர்ந்தபடியே உறங்கக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. அக்கணினிக்கான இத்தகைய வேலைகளைச் செய்தவர்கள் தனித்தனி மனிதர்கள். படக்கருவிக்கான இயக்கியை எழுதியவர் ஜொனாதன் கார்பெட், லினக்ஸ் உலகின் செய்திகளை எழுதும் இதழாளர். கணினியை எழுப்பும் முதல் நிரலான ஓப்பன் ஃபர்ம்வேரை அதில் அமைத்தவர் மிட்ச் பிராட்லி. சன் நிறுவனத்தில் அந்நிரலை முதலில் உருவாக்கியவரும் அவரே. இன்று கைப்பேசிச் சில்லுக் கணினிகளுக்கெல்லாம் வரைபடமாக விளங்கும் சாதன மரம் முளைத்தது அந்த ஓப்பன் ஃபர்ம்வேரிலிருந்துதான் என்பதை எண்ணும்போது, அந்நிரலில் செலவிட்ட உழைப்பு எத்துணைத் தூரம் பாய்ந்திருக்கிறது என்பது விளங்கும்.

இனித் தமிழ்நாட்டுக்கு வரலாம். 2011 செப்டம்பர் 15 அன்று மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கியது. மாநில அரசின் எல்காட் நிறுவனத்தின் வழியே வாங்கி வழங்கப்பட்ட அக்கணினிகள் அடுத்த சில ஆண்டுகளில் பல லட்சம் வீடுகளை அடைந்தன. இந்த அரங்கில் இருப்போரின் வீடுகளிலும் அவற்றில் சில இருக்கக்கூடும். பல கட்டங்களில் வழங்கப்பட்டவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இடம்பெற்றது. பாஸ் என்பது டெபியன் என்னும் லினக்ஸ் பதிப்பை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய இந்திய இயக்குதளம். தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் இயங்கும் வகையில் 2007 முதல் வெளிவருவது. 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்.பி.க்கான ஆதரவு முடிவுற்றபோது, அரசு அலுவலகங்கள் பாஸ் லினக்ஸுக்கு மாறுமாறு தமிழ்நாடு அரசே அறிவுறுத்தியது.

இது பெருமைக்குரிய செய்தியே. ஆயினும் ஒரு வேறுபாட்டை இங்கே உரக்கச் சொல்லியாக வேண்டும். கணினியில் லினக்ஸை நிறுவிக் கொடுப்பது வேறு. அக்கணினி லினக்ஸில் இயங்குவதற்கான அறிவைப் பொதுக் கெர்னலில் சேர்ப்பது வேறு. நிறுவிக் கொடுத்த பதிப்பு சில ஆண்டுகளில் பழையதாகும். புதிய பதிப்பை நிறுவும்போது வைஃபை வேலை செய்யாமல் போனால், ஒலி கேட்காமல் போனால், அந்த மாணவி யாரிடம் போய்க் கேட்பாள்? அறிவு பொதுக் கெர்னலில் சேர்ந்திருந்தால் எந்தப் பதிப்பை நிறுவினாலும் அது உடன்வரும். சேராவிட்டால், நிறுவியவரின் தட்டோடு அது அழிந்துபோகும். இனி வரும் ஒப்பந்தப் புள்ளிகளில், லினக்ஸ் நிறுவித் தரப்பட வேண்டும் என்ற நிபந்தனையைக் காட்டிலும், அக்கணினியின் எல்லா உறுப்புகளும் திருத்தப்படாத பொதுக் கெர்னலில் இயங்க வேண்டும் என்ற நிபந்தனையே எழுதப்பட வேண்டும் என்பது இவ்வுரையின் துணிபு.

நல்லவேளையாக, அரசு வழங்கிய அக்கணினிகள் பெரும்பாலும் வழமையான உறுப்புகளைக் கொண்டவை. ஆனால் வைஃபை சில்லுக்குள் ஏற்றப்பட வேண்டிய நிலைப்பொருள், அதாவது உறுப்பின் உள்ளேயே ஓடும் சிறுநிரல், கட்டற்றதாக இல்லாததால் நெடுங்காலம் டெபியனின் நிறுவும் வட்டில் சேர்க்கப்படாமல் இருந்தது. 2022இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்கெடுத்து அதைச் சேர்க்க முடிவு செய்தபின், 2023இல் வந்த 12ஆம் பதிப்பு முதல் அந்தத் தொல்லை பெரிதும் நீங்கிற்று.

உண்மையான சோதனை மலிவு விலைக் கணினிகளில்தான் வந்தது. 2016இல் ஐபால் நிறுவனம் காம்ப்புக் என்னும் மடிக்கணினியை 9,999 ரூபாய்க்கு இந்தியச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதில் இருந்தது, பே ட்ரெயில் என்ற குடும்பத்தைச் சேர்ந்த, பலகைக் கணினிகளுக்கென இன்டெல் செய்த ஆட்டம் சில்லு. இக்குடும்பச் சில்லுகளைக் கொண்டு உலகெங்கும் மலிவுக் கணினிகள் புற்றீசல்போலப் புறப்பட்டன. அவற்றுள் பலவற்றில் சில்லு 64 பிட், அதை எழுப்பும் நிலைப்பொருளோ 32 பிட். வண்டி அகலப் பாதைக்கு உரியது, வாசலோ குறுகியது. 2014இல் கெர்னலின் 3.15ஆம் பதிப்பு இந்தக் கலப்பை ஏற்கக் கற்றுக்கொண்ட பின்னரே அவற்றில் 64 பிட் லினக்ஸ் நுழைய முடிந்தது. நுழைந்த பின்பும் கணினி திடீர் திடீரென உறைந்தது. சில்லு ஆழ்ந்த உறக்கத்திற்குச் செல்லாமல் தடுக்கும் ஒரு சொற்றொடரைத் தொடக்கக் கட்டளையில் சேர்த்தால் உறைவது நிற்கும், ஆனால் மின்கலம் விரைவில் தீரும் என்பதைக் கண்டறிந்தவர்கள் அக்கணினிகளை வாங்கிய பயனர்களே.

அவற்றைவிடவும் கடினமானது தொடுதிரை. அக்காலத்து மலிவுக் கணினிகள் பலவற்றின் தொடுதிரைச் சில்லுக்குள் நிலைப்பொருள் இராது; ஒவ்வொரு முறையும் இயக்குதளமே அதை ஏற்ற வேண்டும். அந்நிலைப்பொருளும் மாதிரிக்கு மாதிரி வேறுபடும்; ஒன்றுக்குரியதை இன்னொன்றில் ஏற்றினால் இடப்பக்கம் தொட்டது வலப்பக்கம் தெரியும், அல்லது திரையின் பாதி உணர்ச்சியற்றுக் கிடக்கும். இதற்கு நெதர்லாந்தைச் சேர்ந்த ஹான்ஸ் டி ஹூடு என்னும் கெர்னல் வல்லுநர் ஒரு வழி கண்டார். கெர்னலுக்குள் ஒரு பட்டியலை அமைத்து, இந்தப் பெயருள்ள கணினிக்கு இந்த நிலைப்பொருள், அகலம் இத்தனை புள்ளி, உயரம் இத்தனை புள்ளி, அச்சு திரும்பியுள்ளது அல்லது திரும்பவில்லை என்று மாதிரிதோறும் சில வரிகளாக எழுதத் தொடங்கினார். உலகில் உள்ள கணினிகளையெல்லாம் ஒருவரே வாங்கிச் சோதிக்க இயலுமா? இயலாது. வைத்திருப்பவர்கள் எழுதி அனுப்பினார்கள். திரையின் நான்கு மூலைகளையும் விரலால் தொட்டு, தோன்றிய எண்களைக் குறித்து, பத்து இருபது வரிகளாக்கி அனுப்பினார்கள். ஒரு கணினிக்கு ஒருவர். அந்த ஒருவரின் ஒரு மாலைப்பொழுது. அதன்பின் அதே மாதிரிக் கணினி உலகில் எங்கிருந்தாலும் அதன் தொடுதிரை விழித்துக்கொள்ளும்.

அந்தப் பட்டியலில் ஒரு விந்தை உண்டு. கணினியின் பெயரைத் தயாரிப்பாளர் அதன் நிலைப்பொருளில் டி.எம்.ஐ. என்னும் அட்டவணையில் எழுதி வைப்பது மரபு. கெர்னல் அப்பெயரைப் படித்தே, இது எந்தக் கணினி என்று அறிகிறது. மலிவுக் கணினிகள் சிலவற்றில் அந்த இடத்தில் பெயர் இல்லை. தயாரிப்பாளர் நிரப்ப வேண்டியது என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடர், அச்சிட்ட படிவத்தில் நிரப்பாமல் விட்ட கோடுபோல, அப்படியே நின்றுவிட்டது. பெயரில்லாத கணினியை எவ்வாறு அடையாளம் காண்பது? நிலைப்பொருள் தொகுக்கப்பட்ட தேதியைக் கொண்டு அடையாளம் கண்டார்கள். ஊர் பேர் தெரியாத பிள்ளையைப் பிறந்த நாளைக் கொண்டு அறிவதைப் போன்றது இது.

இதுவரை கண்டவை மலிவானவை. விலையுயர்ந்த கணினிகள் மட்டும் எளிதோ? இல்லை. 2020இல் ஆப்பிள் நிறுவனம் இன்டெல்லைக் கைவிட்டுத் தன் சொந்தச் சில்லான எம்1-ஐ மடிக்கணினியில் பொருத்தியது. உறுப்புகளின் உள்ளமைப்பை விளக்கும் ஆவணம் எதுவும் வெளியிடப்படவில்லை. அக்கணினிக்கு லினக்ஸைக் கொண்டுவர ஹெக்டர் மார்ட்டின் என்பவர் தொடங்கிய முயற்சிக்கு அசாகி லினக்ஸ் என்று பெயர். அசாகி என்பது ஓர் ஆப்பிள் பழ வகைக்கு ஜப்பானில் வழங்கும் பெயர். ஆப்பிளின் இயக்குதளத்திற்கு அடியில் மெல்லிய மேற்பார்வை நிரல் ஒன்றை ஓடவிட்டு, மேலே இருக்கும் இயக்குதளம் எந்த முகவரியில் எதை எழுதுகிறது, எதைப் படிக்கிறது என்று ஒவ்வோர் அசைவையும் குறித்துக்கொண்டே அவ்வுறுப்புகளின் மொழியை அம்முயற்சியில் ஈடுபட்டோர் கற்றார்கள். 2021இல் கெர்னலின் 5.13ஆம் பதிப்பில் எம்1-க்கான முதல் அடிப்படை ஆதரவு சேர்ந்தது.

அம்முயற்சியில் ஒலிபெருக்கியின் கதை தனியே சொல்லத்தக்கது. அக்கணினிகளின் சிறிய ஒலிபெருக்கிகள் உரத்து ஒலிக்கக்கூடியவை. ஆனால் மின்சாரம் அளவு மீறினால் அவற்றின் கம்பிச்சுருள் சூடேறிக் கருகிவிடும். அதைத் தடுக்கும் பொறுப்பு உறுப்பில் இல்லை, மென்பொருளில் இருந்தது. எனவே ஓடும் மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் இடையறாது அளந்து, சுருளின் வெப்பத்தைக் கணித்து, அளவு மீறும்போது ஒலியைத் தானே தணிக்கும் நிரலை எழுதி முடிக்கும்வரை அவர்கள் ஒலிபெருக்கியைத் திறந்துவிடவே இல்லை. அடுத்தவர் வீட்டில் இருக்கும் கணினி கெட்டுவிடக் கூடாது என்ற அந்தக் கவனம், பங்களிப்பு என்னும் சொல்லின் முழுப் பொருளைக் காட்டுகிறது.

அடுத்து, கைப்பேசிச் சில்லுக் கணினிகள். இந்தியச் சந்தைக்கு 2022இல் வந்த ஜியோபுக் அவ்வகையைச் சேர்ந்தது. லெனோவோவின் திங்க்பேட் எக்ஸ்13எஸ், 2024இல் வரத் தொடங்கிய ஸ்னாப்டிராகன் எக்ஸ் சில்லுக் கணினிகள் ஆகியவற்றின் சில்லுகளும் கைப்பேசிச் சில்லுகளின் வழி வந்தவையே. இவற்றுள் எக்ஸ்13எஸ் போன்றவற்றில் லினக்ஸ் ஓட, மாதிரிக்கொரு சாதன மரம் வேண்டும். ஒரே சில்லைக் கொண்ட இரு கணினிகளில் ஒன்று ஓடும், மற்றொன்றில் விசைப்பலகைகூட உயிர்பெறாது. காரணம், அந்த மற்றொன்றுக்கு எவரும் மரம் நடவில்லை. சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி திட்டத்தில் உருவான இந்தியச் சில்லு 2018இல் லினக்ஸை ஓட்டிக் காட்டியது. அத்தகைய சில்லு ஒருநாள் மடிக்கணினியில் ஏறும்போது அதற்கும் மரம் வேண்டும்.

அப்படியானால், சேத்தியாத்தோப்பில் இருப்பவர் செய்யக்கூடியது என்ன? கெர்னல் நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. கணினி கையில் இருக்க வேண்டும். பொறுமை இருக்க வேண்டும். பார்த்ததைப் பார்த்தபடி எழுத வேண்டும். வேலை செய்யவில்லை என்று மட்டும் எழுதுவது எவருக்கும் பயன்படாது. வயிறு சரியில்லை என்று மட்டும் சொல்லும் நோயாளிக்கு மருத்துவர் என்ன செய்ய முடியும்? எந்தக் கணினி, எந்தக் கெர்னல் பதிப்பு, எதைச் செய்தபோது என்ன நடந்தது, முந்தைய பதிப்பில் அது நடந்ததா என்பவை அனைத்தும் வேண்டும். கெர்னலின் வரலாற்றில் ஒவ்வொரு திருத்தத்தின் அடியிலும் எழுதியவர் பெயரோடு, குறையைத் தெரிவித்தவரும் சோதித்துப் பார்த்தவரும் இருந்தால் அவர்கள் பெயரும் தனித்தனி வரியாகப் பொறிக்கப்படுகின்றன. 2004 முதல், எழுதியவர் தமக்கு அதை வழங்கும் உரிமை உண்டு என உறுதிகூறிக் கையொப்ப வரி இடுவதும் நடைமுறையாயிற்று. சோதித்தவரின் பெயர் அழியாமல் நிற்கும் ஏட்டை வேறு எந்தத் தொழிலில் காண முடியும்?

தமிழில் இதற்குத் துணை இல்லாமலில்லை. 2012 முதல் வெளிவரும் கணியம் இதழ் கட்டற்ற மென்பொருளைத் தமிழிலேயே விளக்கி வருகிறது. விழுப்புரத்திலும் காஞ்சிபுரத்திலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் கூடிப் பயில்கின்றன. திருத்தத்தை ஆங்கிலத்தில் அனுப்ப வேண்டியிருந்தாலும், கண்டறிவதையும் கலந்து பேசுவதையும் தமிழில் செய்யத் தடை ஏது?

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. அடுத்த பதிப்பை ஏற்க இயலாத பழைய மடிக்கணினிகள் இவ்வட்டாரத்து அலமாரிகளிலும் பரண்களிலும் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றை எடுத்துத் தூசி தட்டி, லினக்ஸை ஒரு பென் டிரைவிலிருந்தே எழுப்பி, டிமெஸ்ஜி என்னும் கட்டளையால் கெர்னல் எழுதிய நாட்குறிப்பையும், எல்.எஸ்.பி.சி.ஐ. என்னும் கட்டளையால் உறுப்புகளின் பட்டியலையும், டி.எம்.ஐ.டிகோட் என்னும் கட்டளையால் கணினியின் பெயர் அட்டவணையையும் எடுத்துக் கோப்பாக்கலாம். தனிப்பட்ட வரிசை எண்களை அதிலிருந்து நீக்கிவிட வேண்டும். பின்னர் வைஃபை, ஒலி, படக்கருவி, மூடித் திறக்கும்போது உறங்கி விழித்தல், மின்கல அளவு என ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறிக்க வேண்டும். பெயர் அட்டவணையில் தயாரிப்பாளர் நிரப்ப வேண்டியது என்ற தொடர் மட்டும் நின்றிருந்தால், நிலைப்பொருளின் தேதியையும் சேர்த்து எழுதிக்கொள்ள வேண்டும்.